பப்ளிஷர் முழுகும் முன் தெரிந்துகொள்வது எப்படி

இருபத்திரண்டு பேர் வேலை பார்த்த ஒரு சின்ன கேம் ஸ்டூடியோவில் நான் கணக்கு பார்த்தேன். எங்கள் சம்பளம் முழுக்க ஒரே பப்ளிஷர் (கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் நிறுவனம்), வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் தரும் மைல்ஸ்டோன் பணத்தில்தான் ஓடியது. முதலில் 30 நாளில் வந்த பணம் 47 நாளானது, அப்புறம் 70. கடைசி இரண்டு இன்வாய்ஸுக்குப் பணம் வரவே இல்லை. வரப்போவதெல்லாம் அவர்களுடைய காலாண்டு அறிக்கையிலேயே இருந்தது, நான் படிக்கவில்லை. அடுத்தவர்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்க நிறுவனங்களுடையவை அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எட்கர் தளத்தில் இருக்கின்றன. 10-க்யூ என்பது காலாண்டு அறிக்கை, 10-கே ஆண்டறிக்கை, 8-கே அவசர அறிவிப்பு. முதல் பக்கத்து லாப நஷ்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். வியாபாரத்திலிருந்து உள்ளே வந்த பணம் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று அங்கே தெரியும். போன காலாண்டோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பண்டிகைக்கால விற்பனைக்காகச் சரக்கு தயாரிக்கும் செப்டம்பர் காலாண்டில் பலருக்கும் பணம் வெளியேதான் போகும். போன வருடத்து அதே காலாண்டோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கையிருப்புச் சரக்கு. 2012-இல் திவால் மனு போட்ட அமெரிக்க கேம் பப்ளிஷர் டிஎச்க்யூவின் கதையை இந்த ஒரு வரியை வைத்தே சொல்லிவிடலாம். அவர்கள் 2010 நவம்பரில் வீ கன்சோலுக்காக யூட்ரா என்ற வரையும் பலகையைக் கொண்டுவந்தார்கள், நன்றாக விற்றது. அந்த தைரியத்தில் 2011 இறுதியில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் அதையே தயாரித்தார்கள். 14 லட்சம் பலகைகள் விற்காமல் தேங்கின, எதிர்பார்த்த வருமானத்தில் சுமார் 10 கோடி டாலர் குறைந்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிகர நஷ்டம் சுமார் 24 கோடி டாலர். பலகைமேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டிலேயே 43 கோடி டாலர் நஷ்டம் பார்த்த நிறுவனம் அது. தாங்கும் சக்தி தீர்ந்துபோன நேரத்தில் பலகை வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

இப்போது விற்பனை பெரும்பாலும் டிஜிட்டல் என்பதால் சரக்கு வரி சின்னதாகத்தான் இருக்கும். அதனால் நான் அதிக நேரம் செலவழிப்பது இன்னொரு வரியில்: மூலதனமாக்கப்பட்ட மென்பொருள் உருவாக்கச் செலவு. கேம் தயாராகிக்கொண்டிருக்கும்போது அதற்குக் கொட்டும் பணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதிவைப்பார்கள். கேம் வெளிவந்து விற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக மாற்றுவார்கள். இது முறையான கணக்குதான், தப்பில்லை. ஆனால் கேமை ரத்து செய்தால் அத்தனையும் ஒரே காலாண்டில் நஷ்டமாக இறங்கும். விற்பனை ஏறாமல் இந்த வரி மட்டும் வருடா வருடம் வீங்கினால், வெளியீட்டுத் தேதிகள் தள்ளிப்போகின்றன, இல்லையென்றால் ஓடாது என்று தெரிந்த கேமைக் கைவிட மனம் வராமல் இழுக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் கேமுக்குத் தரும் பணமும் இந்த வரிக்குள்தான் இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் கத்தி விழும் இடமும் இதுதான்.

கடன் குறிப்புகளில் இரண்டு விஷயம் போதும்: எப்போது திருப்பித் தர வேண்டும், வங்கி என்ன நிபந்தனை போட்டிருக்கிறது. டிஎச்க்யூவின் 10 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு 2014 ஆகஸ்டில்தான் கெடு. ஆனால் 2012 நவம்பரிலேயே வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கடன் நிபந்தனைகளை மீறிய நிலை வந்துவிட்டது. எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் பயம். அதே வருடம் ஜூலையில் பத்துப் பங்கை ஒரு பங்காகச் சேர்த்தார்கள். நாஸ்டாக் பட்டியலிலிருந்து விழாமல் இருக்கப் பங்கின் விலையை உயர்த்திக் காட்டும் வேலை அது, ஒரு டாலர்கூட உள்ளே வராது.

பப்ளிஷர் பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் என்றால் இதெல்லாம் பெரும்பாலும் பார்க்க முடியாது. அப்போது உங்கள் இன்வாய்ஸ் கோப்புதான் அறிக்கை. அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், கணக்கு மென்பொருளை மாற்றுகிறோம் என்பது. அதைவிடப் பெரிய அறிகுறி ஒன்று இருந்தது. முன்பு ஐந்து நாளில் ஒப்புதல் கிடைத்த பில்டுகளுக்கு (சரிபார்க்க அனுப்பும் கேமின் பதிப்புகள்) திடீரென்று நான்கு பக்கம் திருத்தம் வந்தது. ஒப்புதல் தராதவரை பணம் தர வேண்டியதில்லை. தரம் போதவில்லை போலிருக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகாத மறுசீரமைப்பும் உண்டு. ஸ்வீடனின் கேம் நிறுவனமான எம்ப்ரேசர், வாய்மொழி உறுதியை நம்பிக் காத்திருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் 2023 மே மாதம் கைநழுவியது. பங்கு விலை ஒரே நாளில் 40 சதவீதம் போல விழுந்தது, ஜூனில் மறுசீரமைப்பு அறிவித்தார்கள், ஆகஸ்ட் இறுதியில் வொலிஷன் ஸ்டூடியோவை மூடினார்கள். டிஎச்க்யூ ஏலத்தில் 2.23 கோடி டாலருக்கு விலைபோன அதே வொலிஷன். இப்படி ஓர் அறிவிப்பு வந்த வாரமே உங்கள் கேம் யார் பொறுப்பில் இருக்கிறது, அடுத்த மைல்ஸ்டோனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தம் போடும்போதே செய்ய வேண்டியது ஒன்று. பப்ளிஷர் திவாலானால் கேமின் உரிமை எங்களுக்குத் திரும்பும் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அமெரிக்க திவால் சட்டத்தில் அப்படிப்பட்ட பிரிவு பெரும்பாலும் செல்லாது. இத்தனை நாள் பணம் தராவிட்டால் உரிமை திரும்பும் என்று எழுதுங்கள், திவால் மனு தாக்கலாகும் முன்பே அதைப் பயன்படுத்துங்கள். தாக்கலான பிறகு உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

சரி, அமெரிக்க திவால் சட்டத்தின் அத்தியாயம் 11-இன் கீழ் மனு போட்டேவிட்டார்கள் என்றால்? வரிசையில் உங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சொத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவர்கள் முதலில், உங்களைப் போல ஈடில்லாதவர்கள் பின்னால், பங்குதாரர்கள் கடைசியில். டிஎச்க்யூ 2012 டிசம்பர் 19-இல் டெலவேரில் மனு போட்டது. கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 6 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கத் தயாராக இருந்தது. கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபித்ததால் தனித்தனியாகவும் கேட்கலாம் என்றானது. டிஎச்க்யூவின் ரெலிக் ஸ்டூடியோவை 2.66 கோடி டாலருக்கு சேகா நிறுவனம் எடுத்தது, வொலிஷன் கோச் மீடியா என்ற நிறுவனத்துக்குப் போனது. துண்டுகளின் கூட்டுத்தொகை 7 கோடி டாலரைத் தாண்டியது. விஜில் ஸ்டூடியோவை மட்டும் யாருமே கேட்கவில்லை.

உங்கள் ஒப்பந்தத்தை யாராவது எடுத்துக்கொண்டால் பழைய பாக்கியையும் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக நீதிமன்றத்தில் ஒரு பட்டியல் தாக்கலாகும்: ஒப்பந்தத்தின் பெயர், எதிரே பாக்கித் தொகை. உங்கள் பெயருக்கு எதிரே பூஜ்ஜியம் போட்டிருந்தால் கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவியுங்கள். தவறவிட்டால் பூஜ்ஜியம்தான் உங்கள் பாக்கி. ஒப்பந்தத்தை யாரும் எடுக்காவிட்டால் கடன் கோரிக்கைப் படிவத்தை அதற்கான தேதிக்குள் கொடுங்கள். டிஎச்க்யூவில் மனுவுக்கும் ஜனவரி 22 ஏலத்துக்கும் நடுவே 34 நாள்தான் இருந்தது, அதில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வந்துபோயின. அதனால் இன்வாய்ஸ்கள், ஒப்புதல் மின்னஞ்சல்கள், அனுப்பிய பில்டுகளின் தேதி எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.