நுண்கணிதத்துக்கு முன் இயற்கணிதத்தைச் சீர்செய்துகொள்ளும் முறை

பிளஸ் டூ முடித்து, 1952-இல் தொடங்கிய காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரியிலோ வேறு கல்லூரியிலோ முதலாண்டில் சேரவிருப்பவர்கள் நுண்கணிதத்தை நினைத்து அஞ்சுவதுண்டு. ஆனால் மதிப்பெண் குறைந்த விடைத்தாளைக் கூர்ந்து பார்த்தால், வகையிடுதல், அதாவது ஒரு சார்பு மாறும் வீதத்தைக் காணுதல், பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு அடுத்து வரும் சுருக்குதலில், அதாவது பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில்தான், வழுக்கியிருப்பார்கள். ஆகவே இயற்கணிதம் முழுவதையும் முதற்பக்கத்திலிருந்து புரட்டாமல், நுண்கணிதம் எதைக் கேட்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிப்பதே சிக்கனமான வழி.

முதலில் எக்ஸ்² என்னும் சார்பை வகையிட, (எக்ஸ் + ஹெச்)²-இலிருந்து எக்ஸ்²-ஐக் கழித்து, ஹெச்சால் வகுத்துப் பாருங்கள். விரித்துக் கழித்தபின் தொகுதியில் 2·எக்ஸ்·ஹெச் + ஹெச்² எஞ்சும். ஹெச்சைப் பொதுக்காரணியாக வெளியே எடுத்து அடித்தால் 2·எக்ஸ் + ஹெச் கிடைக்கும். ஹெச் பூச்சியத்தை நெருங்கும்போது அது 2·எக்ஸ் ஆகும். இவ்வளவில் நுண்கணிதம் கடைசி வரி மட்டுமே. காரணியாக வெளியே எடுக்காமல், ஓர் உறுப்பிலுள்ள ஹெச்சை மட்டும் அடித்துவிடுவதே இங்கு வழக்கமாக நேரும் பிழை.

இதே வேலையை 1/எக்ஸ் என்னும் சார்புக்குச் செய்தால், பகுதிகளைப் பொதுவாக்கும் பயிற்சி தானாகவே கிடைக்கும். √எக்ஸ் சார்புக்கோ √(எக்ஸ் + ஹெச்) + √எக்ஸ் என்பதால் மேலும் கீழும் பெருக்கியாக வேண்டும். இம்மூன்றையும் புத்தகம் பாராமல் எழுத வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இருபடிச் சமன்பாடும் நேர்க்கோட்டின் சாய்வும் பலருக்கு நினைவிருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும். சார்புகளின் சேர்ப்பில் மட்டும் நின்று பழக வேண்டும்: √(3·எக்ஸ்² + 1) என்பதில் உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று பிரிக்கத் தெரியாதவருக்கு, இத்தகைய சார்புகளை வகையிடும் சங்கிலி விதி விளங்காது.

அடுக்குக்குறிக்கும் மடக்கைக்கும் செட்டிநாட்டில் எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலில் பேர்பெற்ற சீமையின் பிள்ளைகள் மடக்கைக்கு மிரள்வதுதான் வேடிக்கை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் கொடுத்தால், தனிவட்டியில் ஓராண்டில் 1,12,000 ரூபாய் ஆகும். மாதந்தோறும் வட்டியை முதலோடு சேர்த்தால் 1,00,000 × 1.01¹², அதாவது ஏறத்தாழ 1,12,683 ரூபாய். பணம் எப்போது இரட்டிக்கும் என்று கேட்டால் அடுக்கே தெரியாத எண்ணாகிவிடுகிறது. மடக்கை அங்கேதான் தேவைப்படுகிறது. மடக்கை 2-ஐ மடக்கை 1.01-ஆல் வகுத்தால் 69.7 வரும், எனவே எழுபதாம் மாத முடிவில் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டும். இனி ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு விழுக்காடு வட்டி என்று வைத்து, ஆண்டுக்கொருமுறை, மாதந்தோறும், நாள்தோறும் என வட்டியைச் சேர்த்துப் பாருங்கள்: 2, 2.613, 2.7146 என்று வளர்ந்து, தொகை 2.71828-ஐ ஒட்டி நின்றுவிடும். நுண்கணிதம் ‘இ’ என்று அழைக்கும் மாறிலி இதுவே.

ஒரு விதியில் ஐயம் எழுந்தால் எண்ணைப் பிரதியிட்டுச் சோதியுங்கள். √(3² + 4²) என்பது 5. 3 + 4 என்பதோ 7. ஆகவே வர்க்கமூலத்தைக் கூட்டலின்மேல் பிரித்துப் போட முடியாது. இவ்வளவும் கைவந்தபின், பதினோராம் வகுப்புக் கணிதநூலின் இரண்டாம் தொகுதியில் எல்லைகள் பாடத்துப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் கை தயங்குகிறதோ, அந்த இயற்கணிதப் பகுதிக்கு மட்டும் திரும்பிச் சென்றால் போதும்.