வாசற்கதவோடு முடிவதில்லை: இங்கிலாந்து கிராமத்துப் பழைய வீடுகளில் நேரும் தவறுகள்

வார்விக்ஷயரில் இட்லிகோட் என்றொரு குக்கிராமம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நமக்குக் காலைப் பலகாரம் நினைவுக்கு வரும். அங்குள்ள பழைய மாளிகையின் சொந்தக்காரருக்கோ இரண்டு ஈயக் கலசங்கள்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கலசங்கள் அவை. வேறு மாளிகைகளில் இருந்துவிட்டு 1973-இல்தான் அந்தத் தோட்டத்துக்கு வந்து, கல் பீடங்களின் மேல் நின்றன. 2009-இல் அவற்றை ஏலத்தில் விற்றுவிட்டார். 1986-லேயே அவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் தனித்தனியாக ஏறியிருந்தது அவருக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கவுன்சில், கலசங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிபதிகள் கலசம் கட்டடமல்ல என்று தீர்ப்பளித்துவிடவில்லை. ‘இது கட்டடம்தானா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு’ என்று மட்டும் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். விற்று முடித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

லண்டனை விட்டு விலகிக் கிராமத்தில் பழைய வீடு வாங்கும் ஆசை நம்மவர்களிடமும் இருக்கிறது. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பட்டியலில் எழுதாதவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பட்டியல் கட்டடங்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசி வகை. ‘வெறும் இரண்டாம் தரம்தானே, முகப்பைத் தொடாமல் உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்ற பேச்சைத் தரகர்களிடம்கூடக் கேட்கலாம். அது தவறு. எந்தத் தரமானாலும் உள்ளும் புறமும் சேர்ந்தே பாதுகாக்கப்படுகின்றன. மாடிப்படி, கணப்பு, தரைக்கல், உத்தரம், சமையலறையின் பழைய அலமாரிக்கதவு எல்லாம் அடக்கம். பட்டியலில் உள்ள குறிப்பில் இவை இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. பழைய பதிவுகள் பலவும், எந்தக் கட்டடம் என்று அடையாளம் காட்டுவதற்காகத் தெருவில் நின்றபடி எழுதப்பட்ட நான்கு வரிகள். ‘இந்தப் பகுதிக்கு மதிப்பில்லை’ என்று பதிவிலேயே விலக்கிச் சொல்லும் வழக்கம் 2013-இல் சட்டம் மாறிய பிறகுதான் வந்தது.

வீட்டோடும் முடிவதில்லை. வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் களஞ்சியம், பன்றிக்கொட்டில், கொல்லைக் கழிப்பறை, மதில் ஆகியவையும் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கார் நுழைய மதிலில் எட்டடி உடைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, தவறான ஆளிடம் கேட்பது. பாரிஷ் என்றதும் தேவாலயப் பங்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாரிஷ் கவுன்சில் என்பது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, ஏறக்குறைய நம் ஊராட்சி மன்றத்தைப் போன்ற அமைப்பு. அதன் தலைவர் மதுக்கடையில் வைத்து ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்று தோளைத் தட்டலாம். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. அனுமதி தருவது அதற்கு மேலுள்ள கவுன்சிலின் திட்டமிடல் துறை. வழிபாடு நடக்கும் இங்கிலாந்துத் திருச்சபை ஆலயங்களுக்கு மட்டும் வழி வேறு: அங்கே மறைமாவட்டத்தின் சொந்த அனுமதி முறை இருக்கிறது. அதைச் சலுகை என்று நினைத்துப் பழைய இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் திண்டாடிய சபைகள் உண்டு.

பட்டியல் கட்டடத்தை மாற்ற அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. கேட்காமல் செய்தாலோ அது குற்றவியல் குற்றம்; இரண்டு ஆண்டுவரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் விதிக்கலாம். ‘பட்டியலில் இருப்பது எனக்குத் தெரியாது’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் கேட்கத் தயங்கி இத்தனை வம்பை விலைக்கு வாங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

எல்லாவற்றிலும் அதிகம் சேதம் செய்வது சிமென்ட். ஈரம் கசிகிறது என்று கூப்பிட்டால், வருகிற கொத்தனார் பெரும்பாலும் அதைத்தான் குழைப்பார். பழைய கல்வீட்டின் தடித்த சுவர் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்தின் வழியே அதை வெளியே விட்டுவிடும். சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்த வழியை அடைக்கின்றன. ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிப் பனிக்காலத்தில் உறைந்து விரிய, கல்லின் முகம் செதிள் செதிளாக உதிர்கிறது. டெவன் பகுதியில் மண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்து எழுப்பிய ‘காப்’ வீடுகளின் கதி இன்னும் மோசம்: மேலே சிமென்ட் பூச்சு பளபளக்க, உள்ளே மண் இளகி, ஒருநாள் சுவரே சரிந்துவிடும். இருந்ததைப் போலவே பழுதுபார்க்கப் பொதுவாக அனுமதி தேவையில்லை. சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமென்ட் பூசுவது பழுதுபார்ப்பாகாது, மாற்றம். சுரண்டிப் புதுப்பிக்காதே, பராமரி என்று வில்லியம் மோரிஸ் ஒரு சங்கத்தைத் தொடங்கியது 1877-இல். இன்றும் அந்தச் சங்கம் அதையேதான் சொல்கிறது.

சாளரங்களும் அப்படித்தான். குளிருக்காக மரச்சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் சட்டம் மாட்டினால், கழற்றச் சொல்லி நோட்டீஸ் வரும். உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவதைப் பல கவுன்சில்கள் எளிதில் ஒப்புக்கொள்கின்றன. அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூரையில் வௌவால் இருந்தால் அது தனிச் சட்டம், தனி உரிமம்.

நேர்மாறான தவறும் உண்டு: பழையது என்பதாலேயே ஒரு கட்டடம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஊரார் நம்பியிருப்பது. ஸ்டாஃபர்ட்ஷயரின் ஹிம்லி கிராமத்தருகே ‘குரூக்கட் ஹவுஸ்’ என்ற மதுக்கடை இருந்தது. 1765-இல் கட்டியது, நிலக்கரிச் சுரங்கத்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்ற புகழ்பெற்ற கட்டடம். 2023 ஆகஸ்டில் தீப்பிடித்து, இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. அது பட்டியலில் இல்லை. முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று கவுன்சில் மறு ஆண்டு உத்தரவிட்டது, இடித்ததற்குப் பிறகு.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. முன்னவர் அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு உங்கள்மேல் வழக்கு வராது. ஆனால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வீட்டோடு உங்களுக்கு வந்து சேரும். அதற்குக் காலவரம்பும் இல்லை. எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே, எந்த வேலைக்கு எந்த ஆண்டு அனுமதி வாங்கினார்கள் என்று கடிதங்களைக் கேளுங்கள். ‘அதற்கென்று ஒரு காப்பீடு எடுத்துத் தருகிறோம்’ என்று விற்பவர் தரப்பு வழக்கறிஞர் சொல்லக்கூடும். அது செலவை ஈடுகட்டலாம். பிளாஸ்டிக் சாளரத்தைக் கழற்றாமல் வைத்துக்கொள்ள உதவாது. சந்தேகம் தீர நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டால், அத்தகைய பாலிசிகள் பலவும் அந்த ஒரு காரணத்துக்காகவே செல்லாமல் போய்விடும்.