பேரிடர் ஆய்வுச் சுருக்கங்களை மொழி மாதிரியை வைத்து வகை பிரிப்பது எப்படி?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் வளர்ந்து, இப்போது கல்லூரியில் நிலச்சரிவையோ வெள்ளத்தையோ ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2018 வெள்ளம், 2020 பெட்டிமுடி நிலச்சரிவு, 2024 முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு என்று அடுத்தடுத்து நடந்ததில் இடுக்கி, வயநாடு பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் படித்து வகை குறிப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி அந்த வேலையைக் குறைத்துத் தரும். ஆனால் எது எந்த வகை என்ற எல்லையை நீங்கள்தான் போட வேண்டும். அதையும் மாதிரியிடமே விட்டால் வருகிற பட்டியலை நம்ப முடியாது.

முதல் படி: சுருக்கங்களைச் சேர்ப்பது

ஆய்வுக் கட்டுரை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் தரவை இலவசமாக எடுக்கலாம். அங்கே சுருக்கம் நேரான பத்தியாக வராது. எந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் என்ற அட்டவணையாக வரும், பைத்தானில் நாலு வரி எழுதிக் கோத்துக்கொள்ளுங்கள். அதேபோன்ற இன்னொரு தளமான கிராஸ்ரெஃபில் பல கட்டுரைகளுக்குச் சுருக்கமே இருக்காது. தேடும்போது பெட்டிமுடியை ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் முடிப்பவர்களும் உண்டு, ஒய் எழுத்தில் முடிப்பவர்களும் உண்டு, இரண்டையும் போடுங்கள்.

தலைப்பு, சுருக்கம், ஆண்டு, டிஓஐ (கட்டுரைக்கு உரிய அடையாள எண்) என்று நாலு நெடுவரிசைகள் கொண்ட சிஎஸ்வி கோப்பு (எளிய அட்டவணைக் கோப்பு) போதும். ஒரே டிஓஐ இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குங்கள். அச்சுக்கு முந்தைய வடிவத்துக்குத் தனி டிஓஐ இருக்கும் என்பதால் தலைப்பையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் படி: வகைகளுக்கு எல்லை போடுவது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். பாடப்புத்தகங்களில் பேரிடர் மேலாண்மைக்கு நான்கு கட்டங்கள்: தணிப்பு, முன்தயாரிப்பு, மீட்புப் பணி (பேரிடர் நேரத்தில் எடுக்கும் நடவடிக்கை), மறுவாழ்வு. இதை மட்டும் வைத்துக்கொண்டால் நிலச்சரிவு அபாய வரைபடம் போடும் கட்டுரையை எங்கே வைப்பது? அது சுவர் கட்டவும் இல்லை, யாரையும் காப்பாற்றவும் இல்லை. 2015ல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்ற செயல்திட்டத்தின் முதல் முன்னுரிமையே அபாயத்தைப் புரிந்துகொள்வதுதான். ஆகவே 'அபாயம் அறிதல்' என்று ஐந்தாவது வகை வையுங்கள். 'எதுவும் இல்லை' என்பது ஆறாவது. முல்லைப் பெரியாறு நீர்ப்பங்கீட்டு வழக்கைச் சட்டக் கோணத்தில் அலசும் கட்டுரை அங்கேதான் போகும். அதே அணை உடைந்தால் வெள்ளம் எதுவரை வரும் என்று கணக்கிட்டால் அது அபாயம் அறிதல்.

இனி, இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் கட்டுரைகள். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் வைத்த உணரிகளைப் போல எச்சரிக்கை தரும் அமைப்பு என்றால் முன்தயாரிப்பு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் குடும்பங்களைச் சரிவு வருமுன் இடம் மாற்றுவது தணிப்பு, வந்த பிறகு வீடு கட்டித் தருவது மறுவாழ்வு. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டர்களைத் திறந்தார்கள் அல்லவா? அந்த நாட்களில் எடுத்த முடிவுகளை ஆராய்ந்தால் மீட்புப் பணி, அணையில் முன்கூட்டியே எவ்வளவு இடம் காலியாக வைக்கலாம் என்று ஆராய்ந்தால் தணிப்பு. இப்படி ஒவ்வொன்றையும் ஒரு வரி விதியாக எழுதி வையுங்கள்.

இன்னொரு விதி அவசியம். "இம்முடிவுகள் திட்டமிடுவோருக்கும் மீட்புக் குழுவினருக்கும் உதவும்" என்ற பாணியில் முடியும் சுருக்கங்கள் நிறைய. மண் சோதனை மட்டும் செய்திருப்பார்கள், கடைசி வரியைப் பார்த்து மாதிரி 'மீட்புப் பணி' என்று போட்டுவிடும். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்தே வகை, யாருக்கு உதவும் என்பதை வைத்து அல்ல என்று ப்ராம்ப்டில் (மாதிரிக்குத் தரும் கட்டளையில்) அழுத்திச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கையால் 100

மாதிரியைத் திறக்கும் முன் 100 சுருக்கங்களுக்கு நீங்களே வகை போடுங்கள். ஒரு நண்பரும் உங்கள் விடையைப் பார்க்காமல் போடட்டும். இருவரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் விதி தெளிவாக இருக்காது. திருத்திய பிறகு, 50ஐ ப்ராம்ப்டைச் சரிசெய்ய வைத்துக்கொண்டு, மீதி 50ஐ கடைசிச் சோதனை வரை தொடாதீர்கள்.

நான்காம் படி: ப்ராம்ப்ட்

"கீழே ஒரு ஆய்வுச் சுருக்கம் உள்ளது. தரப்பட்ட ஆறு வகைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு. அதற்கு ஆதாரமான ஒரு வாக்கியத்தைச் சுருக்கத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுத்துக் காட்டு. உறுதியாக இல்லையென்றால் 'சந்தேகம்' என்று எழுது. விடையை ஜேசன் வடிவில் மட்டும் தா."

ஜேசன் என்பது நிரல் எளிதாகப் படிக்கும் ஒரு தரவு வடிவம். இந்த ப்ராம்ப்டின் கீழே வகை விளக்கங்களும் எல்லை விதிகளும். சுருக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ப்ராம்ப்டையும் ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. தமிழில் டோக்கன் (மாதிரி உரையை நறுக்கிப் படிக்கும் துண்டு) அதிகம் செலவாகும், ஒல்லாமா என்ற மென்பொருள் வழியாக லேப்டாப்பில் ஓடும் சின்ன மாதிரிகள் தமிழில் தடுமாறவும் செய்யும்.

ஐந்தாம் படி: ஓட்டுவது

விடை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் என்ற அமைப்பை 0 வையுங்கள். ஒரு அழைப்புக்கு ஒரு சுருக்கம் மட்டும். இருபதைச் சேர்த்து அனுப்பினால் ஒன்றின் விடை இன்னொன்றில் ஏறிவிடும். ஒவ்வொரு விடையும் வந்த உடனே கோப்பில் சேமியுங்கள். மழைக்காலத்தில் மலைமேல் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஆறாம் படி: சரிபார்ப்பு

முதலில், மாதிரி காட்டிய ஆதார வாக்கியம் சுருக்கத்தில் அப்படியே இருக்கிறதா என்று பைத்தானில் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த விடையை ஏற்காதீர்கள்.

அப்புறம், ஒதுக்கி வைத்த 50உடன் ஒப்பிடுங்கள். மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்க்காதீர்கள். 50இல் 35 'அபாயம் அறிதல்' என்றால், எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லும் மாதிரிக்கும் 70 சதவீதம் கிடைத்துவிடும். வகைவாரியாக எத்தனை பிடித்தது, எத்தனை தவறவிட்டது என்று கட்டம் போட்டுப் பாருங்கள். மறுவாழ்வு போன்ற சிறிய வகையில் இரண்டு மூன்று கட்டுரைகள்தான் சிக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த வகைக்கு மட்டும் இன்னும் சில சுருக்கங்களைத் தேடிப் பிடித்துக் கையால் குறியுங்கள்.

'சந்தேகம்' என்று வந்தவற்றை நீங்களே படித்து முடிவு செய்யுங்கள். மாதிரியின் பெயர், பதிப்பு, ஓட்டிய தேதி, கடைசி ப்ராம்ப்ட் நான்கையும் அதே கோப்புறையில் போட்டு வைத்தால் வைவாவில் கேட்கும்போது எடுத்துக் காட்டலாம்.