ஸ்பெயின் திருமணத்துக்கு அழைப்பு வந்தால்

ஸ்பெயின் நண்பர் ஒருவரின் திருமண அழைப்பிதழ் கைக்கு வந்ததும், அதில் குறித்திருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். நண்பகல் 12 மணி என்றிருந்தால் கொண்டாட்டம் இரவு வரை நீளும். மாலை 6 அல்லது 7 மணி என்றிருந்தால் வீடு திரும்பும்போது பொழுது விடிந்திருக்கலாம். ஆகவே மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள்.

உடையும் இந்த நேரத்தைப் பொறுத்ததே. பகல் திருமணத்துக்குப் பெண்கள் முழங்காலளவு உடையும் தொப்பியோ தலையணியோ அணிவார்கள். மாலைத் திருமணத்துக்கு நீண்ட உடை உடுத்துவார்கள், தொப்பி கிடையாது. நம் பெண்கள் பட்டுப் புடவையிலேயே செல்லலாம். ஆனால் வெள்ளை மணமகளுக்கு உரிய நிறம் என்பதால், வெண்பட்டையும் அதை ஒத்த வெளிர் நிறங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும், ஜூலை வெயிலானாலும்.

அழைப்பிதழிலோ அதனுடன் வரும் சிறு அட்டையிலோ வங்கிக் கணக்கு எண் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். நம் மொய்யைப் போன்றதுதான் அது. விருந்தில் தமக்கு ஆகும் செலவையாவது ஈடுசெய்ய வேண்டும் என்பது அங்குள்ளோர் கணக்கு. ஆளுக்கு 100 முதல் 150 யூரோ வரை கொடுப்பது வழக்கம், நெருங்கியவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். திருமணத்துக்கு முன்பே அனுப்பிவிடலாம். உறையிலிட்டு நேரிலும் தரலாம்.

இன்று பதிவுத் திருமணங்களே அதிகம் என்றாலும், மரபைக் காண விரும்புவோர்க்குத் தேவாலயத் திருமணம் பெரும் வாய்ப்பு. மணமகன் பெரும்பாலும் தன் தாயின் கைபற்றி நுழைவான். மணமகள் தன் தந்தையுடன் வருவாள். அந்தத் தாயை மத்ரினா என்றும் தந்தையைப் பத்ரினோ என்றும் அழைப்பார்கள். ஆண்டலூசியாவில் மத்ரினா உயரமான சீப்பைக் கொண்டையில் செருகி, அதன்மேல் மாந்தில்யா என்னும் லேஸ் துணியைப் போர்த்தி வருவதைக் காணலாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மணமகனின் தாய்க்கு இத்தனை முக்கியமான இடம் கிடைக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மோதிரம் மாற்றியபின் வரும் சடங்கை மட்டும் தவறவிடாதீர்கள். 'அர்ராஸ்' எனப்படும் 13 நாணயங்களை மணமகன் இரு கைகளிலும் ஏந்தி மணமகளின் குவிந்த கைகளில் சொரிவான். பெரும்பாலும் அவளும் அவற்றைத் திருப்பிச் சொரிவாள். இனி இருவர் உடைமையும் பொது என்பது பொருள். அந்த நேரத்தில் தேவாலயம் அமைதியாகிவிடும். நாணயங்கள் உரசும் ஒலி பின்வரிசை வரை கேட்கும். மோதிரத்தை ஸ்பெயினின் பல பகுதிகளில் வலக்கையில் அணிவார்கள்; காட்டலோனியாவிலும் வலென்சியாவிலும் இடக்கையில்.

சடங்கினிடையே பாதிரியார் வழங்கும் புனித அப்பமான நற்கருணை கத்தோலிக்கர்க்கு உரியது. மற்றவர்கள் இடத்திலேயே இருந்தால் போதும், எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். சடங்கு முடியும் தறுவாயில் வெளியே வந்து, கொடுக்கும் அரிசியையும் பூவிதழ்களையும் வாங்கிக்கொண்டு வாசலில் காத்திருங்கள். "விவான் லோஸ் நோவியோஸ்!" (மணமக்கள் வாழ்க!) என்று யாரேனும் முழங்கினால், "விவான்!" என்று உரக்கப் பதில் சொல்லுங்கள். பாஸ்க் பகுதியில் மணமக்களுக்கு மரியாதையாக 'அவுர்ரெஸ்கு' நடனம் ஆடப்பட்டால், முடியும் வரை எழுந்து அமைதியாக நில்லுங்கள்.

புதியவர்கள் தவறும் இடம் விருந்து. முதலில் நின்றபடி உண்ணும் காக்டெய்ல் நேரம். ஒன்றிரண்டு மணி நேரம் தட்டு தட்டாக வரும், பன்றித்தொடையை ஒருவர் காகிதம்போல் மெல்லியதாகச் சீவிக்கொண்டிருப்பார். இதுவே உணவு என எண்ணி வயிற்றை நிரப்பிவிட்டால், அதன்பின் மேசையில் வரும் கடலுணவுக்கும் இறைச்சிக்கும் இனிப்புக்கும் இடமிராது. மரக்கறி உண்பவர்கள் வாரங்களுக்கு முன்பே மணமக்களிடம் சொல்லுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, மீன் வேண்டாம், ஹமோன் (அந்தப் பன்றித்தொடை) வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். குரோக்கெத்தா என்னும் பொரித்த உருண்டையின் உள்ளே ஹமோன் துணுக்குகள் பெரும்பாலும் இருக்கும்.

மணமகள் சில இடங்களில் மணமாகாத தோழியர்க்குச் சிறு குண்டூசிகள் தருவாள். அதைத் தலைகீழாகக் குத்திக்கொள்ள வேண்டும். அறியாமலே தொலைந்தால் விரைவில் திருமணம் என்பது நம்பிக்கை. மணமகனின் டையைத் துண்டு துண்டாக வெட்டி நண்பர்கள் விற்கும் வழக்கம் இப்போது அருகி வருகிறது; அப்படி நடந்தால் சில யூரோ கொடுத்து ஒரு துண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நடனமும் 'பார்ரா லிப்ரே' என்னும் கட்டணமில்லா மதுவும். மது அருந்தாதவர்கள் பழச்சாறுடன் ஆடலாம். ஆடாமல் ஓரத்தில் அமர்ந்திருந்தால்தான் மணவீட்டார் வருந்துவார்கள். விருந்து ஊருக்கு வெளியே உள்ள பண்ணை மாளிகையில் நடந்தால், விருந்தினரைத் திரும்ப அழைத்துச் செல்லப் பேருந்துகளை இரண்டு, மூன்று நேரங்களில் ஏற்பாடு செய்திருப்பார்கள். முதல் பேருந்தில் ஏறாதீர்கள். நள்ளிரவுக்குப் பின் 'ரெசேனா' என்னும் மறு உணவு வரும். கையில் செருப்புடன் நிற்கும் பாட்டிகளும் உறக்கக் கண்களுடன் சிறுவர்களும் ஒரே மேசையைச் சூழ்ந்து, கெட்டியான சூடான சாக்லேட்டில் சுர்ரோ என்னும் பொரித்த மாவுப் பண்டத்தைத் தோய்த்து உண்ணும் நேரம் அது. மணமக்களோடு நிதானமாகப் பேசவும் அப்போதுதான் வாய்க்கும்.