பாட்டுக்கு ஊமை, படத்துக்குப் பேய்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானிடமிருந்து போன். மதுரையில் புது வீடு கட்டி, ஹாலுக்கு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபர்) வாங்கி மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "மாப்ள, படம் போட்டா வீடே ஆடுது. பாட்டு போட்டா சப்வூஃபர் செத்துக் கெடக்கு. பெட்டி போச்சா?"

பெட்டி போகவில்லை. "முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் லார்ஜ்னு இருக்கா, பாருங்க மச்சான்" என்றேன். இருந்தது. ரெண்டு புகாருக்கும் வியாதி ஒன்றுதான். சாயங்காலம் நானே போய்ச் சரிசெய்தேன். அன்றைக்கு என்னென்ன செய்தேனோ அதை அதே வரிசையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும், வரிசை மாறாது.

முதலில் அந்த லார்ஜ், ஸ்மால் விவகாரம். ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி. அதன் மெனுவில் இந்த வார்த்தைகளைப் பார்த்ததும் எல்லோரும் பெட்டியின் உயரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். மச்சானும் அப்படித்தான். "நாலடி டவரு, இம்புட்டுக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன், அதைப் போய் ஸ்மால்ங்கறியே" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லார்ஜ் என்றால் "இந்த ஸ்பீக்கருக்கு வரும் அடித்தொனி முழுவதையும் அதுவே வாசிக்கட்டும், சப்புக்குக் கொடுக்காதே" என்று ரிசீவரிடம் சொல்வது. ஸ்மால் என்றால் "ஒரு எல்லைக்குக் கீழே உள்ளதை சப்புக்குத் தள்ளிவிடு." அந்த எல்லைதான் கிராஸ்ஓவர்.

பாட்டு இரண்டு சேனலில் வருகிறது. இரண்டு டவரும் லார்ஜ் என்றால் சப்புக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அதுதான் ஊமை. மச்சான் என்ன செய்தார்? சப்பின் முதுகில் இருந்த வால்யூம் திருகை, கடிகார முள் கணக்கில், இரண்டு மணி நிலை வரை திருகிவிட்டார். பாட்டில் அப்போதும் சத்தமில்லை. ஆனால் படத்தில் 5.1-இன் அந்தப் புள்ளி ஒன்று, அதாவது எல்எஃப்இ என்கிற தனி அடித்தொனித் தடம், நேரே சப்புக்குத்தான் போகும். அந்தத் தடத்தை ரிசீவர் மற்ற சேனலைவிட 10 டெசிபல் கூட்டி வாசிக்க வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஏற்கெனவே கூடுதலாக வரும் ஒன்றின் மேல் இவர் திருகியதும் சேர்ந்தால் பேய்தான்.

சரி, மெனுவுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்குப் போயிருக்கிறதா என்று எல்லா ஸ்பீக்கரிலும் பார்த்தேன். ஒன்றில் மாறியிருந்தாலும் நடுவில் குரல் நிற்காது, அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். அடுத்தது சப்பை வைக்கும் இடம். இதில் செலவழிக்கும் அரை மணி நேரம் மெனுவில் செலவழிக்கும் மூன்று மணி நேரத்துக்குச் சமம்.

ஹால் 16 அடிக்கு 11 அடி. 565-ஐ அறையின் நீளத்தால் (அடிக்கணக்கில்) வகுத்தால் அந்த அறை எந்த ஹெர்ட்ஸில் தானாக முழங்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 16 அடிக்கு 35, அதன் இரட்டிப்பு 70. 11 அடிக்கு 51. இந்த முழக்கம் சுவரோரத்தில் அதிகம். மச்சான் வீட்டு சோபா பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. சப், பூஜை அறைப் பக்கத்து மூலையில். இரண்டுமே முழக்கத்தின் உச்சியில். சோபாவை இரண்டடி முன்னால் இழுத்ததுமே பாதிப் பேய் இறங்கிவிட்டது. அதற்காக நட்டநடுவுக்கு இழுத்துவிடாதீர்கள், அங்கே 35 ஹெர்ட்ஸ் காணாமலே போய்விடும்.

நம்ம ஊர் வீட்டுக்கு இன்னொரு சங்கதி உண்டு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். அமெரிக்க வீடியோக்களில் வரும் மரச்சட்ட, ஜிப்சம் பலகைச் சுவர் அடித்தொனியில் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம் சுவர் வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் "சப்பை 5 டெசிபல் கூட்டி வை" என்று அங்கே ஒருவர் சொன்னால் இங்கே அதை நம்பிச் செய்யாதீர்கள்.

சப்புக்கு இடம் தேட ஒரு பழைய வித்தை. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையோடு தரையாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்கலாம். ஒரு சுரம் மட்டும் குதித்தால் அந்த இடம் வேண்டாம். "அம்பது வயசுல தவழுறான் பாரு" என்று அக்கா அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள். சிரிக்கட்டும். டிவி யூனிட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், முன்சுவரை ஒட்டி இடம் கிடைத்தது.

சப்பின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை திருகிவிடுங்கள். எல்எஃப்இ என்று நிலை இருந்தால் அதில் வையுங்கள். வடிகட்டும் வேலையை ரிசீவர் செய்யும். இரண்டு பேரும் வடிகட்டினால் நடுவில் பள்ளம் விழும். வால்யூம் திருகு பாதிக்குச் சற்றுக் கீழே.

அப்புறம்தான் மைக். ரிசீவரே ஸ்பீக்கர்களை அளந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இது. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர் என்றால் அதற்குப் பெயர் ஆடிஸி, யமஹா என்றால் ஒய்பிஏஓ. பெயர் எதுவானாலும் ரிசீவரோடு வரும் அந்தச் சின்ன மைக்கைக் காது உயரத்தில் வைத்து ஓட்ட வேண்டும். சோபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். மருமகனின் கேமரா ஸ்டாண்டு கிடைத்தது. ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் ஓயும் வரை காத்திருந்து, குக்கர் விசில் அடங்கிய பிறகு ஆரம்பித்தோம். ஆடி மாதமாக இருந்திருந்தால் கோயில் மைக்குக்காக இரவு பதினொன்று வரை உட்கார வேண்டியிருந்திருக்கும்.

முடிவு இப்படி வந்தது: டவர் லார்ஜ்; கிராஸ்ஓவர், வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டருக்கு 60 ஹெர்ட்ஸ், பின்னால் சுவரில் மாட்டிய சின்ன ஸ்பீக்கர்களுக்கு 110; சப் அளவு மைனஸ் 11.5 டெசிபல். சப் தூரம் 4.8 மீட்டர், டேப் வைத்து அளந்தால் 3.4தான். இந்தத் தூரத்தைத் திருத்தக் கை பரபரக்கும், திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றால் சத்தம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டுத்தான் ரிசீவர் அப்படிக் காட்டுகிறது.

சப் மைனஸ் 11.5 வந்ததுதான் தவறு. இந்த அளவு மைனஸ் 12-க்குக் கீழே போகாது. விளிம்பில் நிற்கிறது என்றால் சப் பெட்டியிலேயே சத்தம் அதிகம் என்று அர்த்தம். பாதிக்குக் கீழே என்று சொல்லியும், மைக்கை ஓட்டுவதற்குள் மச்சான் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோயிருந்தார். பதினொரு மணி நிலைக்கு இறக்கி மறுபடி ஓட்டியதும் மைனஸ் 4 வந்தது. அது நல்ல எண்.

இனிக் கிராஸ்ஓவர். இது வெட்டி நிறுத்தும் கத்தி இல்லை, சரிவு. 80 என்று வைத்தால் பெரும்பாலான ரிசீவர்களில் ஸ்பீக்கருக்குப் போவது 80-க்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஹெர்ட்ஸ் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும் தூரம்) 12 டெசிபல் வீதம் இறங்கும். சப்புக்குப் போவது 80-க்கு மேலே 24 டெசிபல் வீதம் இறங்கும். ஆகவே ஸ்பீக்கர் மூச்சு வாங்கும் இடத்திலேயே எல்லையை வைக்கக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் வரை வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் 80 அல்லது 90. மைக் சொன்ன எண்ணைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கருக்குச் சரக்கு இல்லை என்று அளந்து பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

டவரை ஸ்மால் ஆக்கி 80-இல் வைத்தேன். மச்சான் முகம் சுருங்கியது. அவர் சமாதானத்துக்காக 60-இலும் போட்டுக் காட்டினேன். வலது டவர் சுவருக்குப் பக்கம், 70-ஐ ஒட்டி அறை முழங்குகிறது; பாட்டு கனத்துப் போய்க் குழைந்தது. டவரை நகர்த்தலாம் என்றால் அது டிவிக்கு இரண்டு பக்கமும் நின்றாக வேண்டும். சப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தவழ்ந்து தேடி நல்ல இடம் பிடித்திருக்கிறோம். நல்ல இடத்தில் இருப்பவனிடம் அடித்தொனியைக் கொடுப்பதுதானே நியாயம்? ரிசீவருக்கும் சுமை குறையும். சப்புக்குள் தனி ஆம்ப் இருக்கிறது.

எங்கள் அப்பா மைக்செட் வைத்திருந்தார். திருவிழாவில் மரத்தில் கட்டும் அந்தக் குழாய் நாலு தெருவுக்குப் பாட்டைக் கொண்டுபோகும், ஆனால் அதில் அடித்தொனி துளியும் வராது. அதை வரவைக்க நான் சிறுவயதில் வால்யூமைக் கூட்டி ஒரு யூனிட்டை எரித்து, அடி வாங்கினேன். எந்த ஸ்பீக்கரிடம் எதைக் கேட்கலாம் என்று அன்றைக்குப் புரிந்தது.

சென்டருக்கு 60 என்று வந்ததே, அது டிவி யூனிட் பொந்துக்குள் இருந்ததால். பொந்து அடித்தொனியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஸ்பீக்கரைப் பலகையின் முன்விளிம்பு வரை இழுத்து, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து, 100-இல் வைத்தேன். வசனம் தெளிந்தது. பின் ஸ்பீக்கர்களுக்கு 120. அதற்கு மேலே போனால் சப் இருக்கும் திசை காட்டிக்கொடுத்துவிடும். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் ஏற ஏற, வில்லன் ஜன்னலோரத்திலிருந்து பேச ஆரம்பித்துவிடுவான். திசை தெரியாத எல்லை சுமார் 80 என்பதால்தான் தியேட்டர் ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது.

மெனுவில் எல்எஃப்இக்கான லோ பாஸ் என்று இன்னொன்று இருக்கும். அதை 120-இல் விட்டுவிடுங்கள், அது வேறு விஷயம். எல்எஃப்இ பிளஸ் மெயின் என்று ஒரு நிலையும் இருக்கும்; அதில் வைத்தால் டவரும் சப்பும் ஒரே அடித்தொனியை வாசிக்கும். வேண்டாம்.

அளவுகளுக்கு வருவோம். ரிசீவரின் இரைச்சல் ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் வரும்போது, உட்காரும் இடத்தில் 75 டெசிபல் காட்ட வேண்டும். ஒலி அளக்கும் மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோ என்ற நிலைகளில் வைக்க வேண்டும். எல்லாம் 75 ஆகிவிட்டால் வால்யூம் 0 என்பது தியேட்டர் அளவு. ஒரு ஸ்பீக்கரில் உச்சம் 105 டெசிபல் வரை போகும். வீட்டில் யாரும் அங்கே போவதில்லை, மச்சான் மைனஸ் 25-இல் பார்க்கிறார். மீட்டர் இல்லாவிட்டால் போன் ஆப் போதும், ஆனால் ஐந்து ஸ்பீக்கரையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும். போன் மைக் அடித்தொனியைச் சரியாகப் பிடிக்காது. சப்பைப் போனில் அளந்து கூட்டினால் மறுபடி பேய்தான்.

பின் ஸ்பீக்கர்களைக் கூட்டச் சொல்லி வீட்டில் எல்லோரும் கேட்பார்கள், காசு கொடுத்ததாயிற்றே. மசியாதீர்கள். சென்டரை 1 அல்லது 2 டெசிபல் கூட்டலாம்; நம் படங்களில் பின்னணி இசைக்கு அடியில் வசனம் அமுங்கும்போது அது உதவும்.

அடுத்தது சப்பில் இருக்கும் ஃபேஸ் சுவிட்ச். டவரும் சப்பும் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்து அடித்தொனியைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இது. டவரும் சப்பும் சேர்ந்து வாசிக்க 80 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டோம். மச்சான் சோபாவில், மருமகன் சப்புக்குப் பின்னால். 0, 180 என்று மாற்ற மாற்ற எது சத்தமாகக் கேட்கிறதோ அது. 0 வந்தது. கையோடு 30-லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றினேன். 45-ஐத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு ரீங்காரம். சப் கிழிந்துவிட்டது என்று மச்சான் எழுந்தே விட்டார். பரணில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் அண்டா! பழைய துண்டு ஒன்றை மடித்து அடியில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டது.

கடைசியில் காது. மிருதங்கக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தொப்பிப் பக்கத்தில் கும்கி விழும்போது அந்தச் சத்தம் மிருதங்கம் இருக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். ஜன்னல் பக்கம் தலை திரும்பினால் சப் அதிகம். சப் இருக்கிறது என்று தெரியும் வரை கூட்டி, அங்கிருந்து 2 டெசிபல் குறைத்தேன். சத்தம் குறைத்துக் கேட்கும்போது காதுக்கு அடித்தொனி எட்டாது. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன சங்கதி. அதற்காக இரவில் 2, 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். டைனமிக் ஈக்யூ ஆனில் இருந்தால் அதுவே ஏற்றிவிடும், நீங்களும் ஏற்ற வேண்டாம்.

எல்லா எண்களையும் ஒரு சீட்டில் எழுதி டிவி யூனிட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். பத்தே நாளில் மருமகன் எதையோ அமுக்கி எல்லாம் அழிந்துபோனது. மச்சானே மைக்கை ஓட்டி, சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார். போன வாரம் போனபோது பார்த்தேன், டவர் ஸ்மாலில்தான் இருக்கிறது. சென்டரை மட்டும் அரை டெசிபல் கூட்டியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.