புது ஸ்போர்ட்ஸ் காரில் செக் லைட் எரிகிறதா? அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. முன்பக்கம் எங்கோ சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மீட்டரில் மஞ்சளாக என்ஜின் படம். பின்னால் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் என்னைத் தாண்டிப் போனது. டெலிவரி எடுத்து 18 நாள்தான் ஆகியிருந்தது. ஓடியது 1,140 கிலோமீட்டர்.

கோளாறு கடைசியில் சின்னதுதான். ஆனால் அதற்காக இரண்டு முறை சென்னைக்கு அலைந்தேன். என் வண்டிக் கம்பெனிக்கு நான் இருக்கும் வேலூரில் சர்வீஸ் சென்டர் கிடையாது. போக 140 கிலோமீட்டர், வர 140. இரண்டாவது அலைச்சல் முழுக்க என் தப்பு. நீங்களும் அதைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சாதனம்) உள்ள பெட்ரோல் வண்டி எதற்கும் இது பொருந்தும். பானெட் திறப்பது, டிப்ஸ்டிக் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: விளக்கு என்ன நிறம்?

சிவப்பு என்றால் (ஆயில் கேன் படம், தெர்மாமீட்டர் படம்) உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ‘அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்’ என்ற கணக்கெல்லாம் வேண்டாம். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் என்ஜின் உள்ளே தேய்ந்துவிடும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியில் கை வைக்காதீர்கள்.

மஞ்சள், நிலையாக எரிகிறது என்றால் மெதுவாக வீடு வந்து சேரலாம். மஞ்சள் விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது; அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். நிறுத்திவிட்டு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணை அழைப்பதுதான் வழி. பள்ளிகொண்டா பக்கம் பைபாஸில் நின்றால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

படி 2: என்ஜினை நிறுத்துவதற்கு முன் ஒரு வீடியோ

மஞ்சள் விளக்குக்கு மட்டும் இது. ஓரமாக நிறுத்தியபின் போனில் மீட்டரை வீடியோ எடுங்கள்; ஓடிய கிலோமீட்டரும் விளக்கும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். எடுக்கும்போதே வாயால் சொல்லிக்கொண்டே போங்கள்: எந்தக் கியர், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடியதா, கிளம்பி எவ்வளவு நேரம், என்ன சத்தம், எந்தப் பக்கத்திலிருந்து. அரைமணி நேரம் கழித்து யோசித்தால் பாதி மறந்துபோகும்.

படி 3: கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) படிப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோடைப் படிக்கும் வழி. அதில் செருகுகிற புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கட்டைவிரல் அளவில் மிக மலிவாக வருவதை வாங்காதீர்கள். ‘2.1 வெர்ஷன்’ என்று போட்டு வருகிற நகல்களில் பல கட்டளைகள் வேலை செய்வதில்லை. எண்ணில் சின்னது என்றாலும் 1.5 என்று வருவதே தேவலாம். கோடைப் போனில் காட்டும் ஆப்பில் எனக்குப் பிடித்தது கார் ஸ்கேனர். டார்க் பழைய ஆப், எனக்கு அதன் மெனு பழகவே இல்லை.

இக்னிஷனை ஆன் செய்து ‘ஃபால்ட் கோட்ஸ்’ பகுதிக்குப் போங்கள். என் வண்டியில் வந்தது பி0299. டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். ‘பி’ என்றால் என்ஜின், கியர் பக்கம்; அதற்கு அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு.

ஒன்று மனதில் இருக்கட்டும். பி0299 வந்ததும் ‘டர்போ போச்சு’ என்று இணையத்தில் படித்து ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். கோடு சொல்வது அறிகுறியைத்தான். வயிற்றுவலி என்று டாக்டரிடம் சொல்கிற மாதிரி, அவ்வளவுதான்.

படி 4: அந்த பட்டனை அமுக்காதீர்கள்

எல்லா ஆப்பிலும் ‘கிளியர்’ என்று ஒரு பட்டன் இருக்கும். நான் அமுக்கினேன். விளக்கு அணைந்தது. காட்பாடி வரை ஒரு ரவுண்டு போய்வந்தேன், ஒன்றுமில்லை. இருந்தாலும் காட்டிவிடுவோம் என்று அடுத்த சனிக்கிழமை சென்னைக்குப் போனேன். அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், காலியாக இருந்தது. ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. ‘கோளாறு எதுவும் இல்லை சார்’ என்று ஜாப் கார்டில் (புகாரும் செய்த வேலையும் எழுதும் தாள்) எழுதி, வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள். வாஷ் அருமையாகச் செய்திருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். திரும்பும் வழியில் காவேரிப்பாக்கம் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக மிதித்தேன். புஸ்ஸ். மஞ்சள் விளக்கு.

கோடு பதிவாகும்போது வண்டியின் கம்ப்யூட்டர் அந்த நொடியின் நிலவரத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது. அதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். என் இரண்டாவது கோட்டில் இருந்தது இது: ஆர்பிஎம் 3,350, வேகம் 84, கூலன்ட் 97 டிகிரி, என்ஜின் லோடு (என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்ற கணக்கு) 92 சதவீதம். ‘கிளியர்’ அமுக்கினால் கோடோடு இதுவும் போய்விடும். முதல்முறை ஏலகிரியில் பதிவானதை நான் பார்க்கக்கூட இல்லை.

அந்த 92 சதவீதம்தான் முக்கியம். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது டர்போவுக்குப் பெரிதாக வேலை இல்லை. காற்றுக்குழாயில் கசிவு இருந்தாலும் தெரியாது. மலையிலோ லாரியை முந்தும்போதோ அழுத்தம் ஏறினால்தான் கசிவு வாயைத் திறக்கும். சென்னை டிராஃபிக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்? அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், சாட்சியை அழித்தவன் நான்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். ‘கழட்டி மாட்டு, சரியாயிடும்’ என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். விளக்கு தானாக அணைந்தாலும் பயம் வேண்டாம். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தெரியவில்லை என்றால் விளக்கு அணையும், கோடு உள்ளே கொஞ்ச நாள் இருக்கும். ஆகவே கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், தேதி, நேரத்தோடு நிற்கும்.

படி 5: கை வைக்கலாமா?

கூடாது. வேலூரில் இருக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்து ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கிக் காது கொடுத்துக் கேட்டார். “இன்னா சார், புது வண்டி, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கினு கீது. ஹோஸ் லூஸு சார். ஆனா நான் கை வெக்க மாட்டேன். வாரண்டி வண்டி, கம்பெனிக்காரனே தொறக்கட்டும்.” ரெண்டு நிமிஷத்தில் சொன்னார், காசும் வாங்கவில்லை.

படி 6: ஜாப் கார்டில் உங்கள் வார்த்தை

சர்வீஸ் அட்வைசர் ‘பிக்கப் குறைவு, செக்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்து கேட்பார். போடாதீர்கள். ‘கஸ்டமர் வாய்ஸ்’ என்ற பகுதியில் நீங்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டாம் முறை எழுத வைத்தது: ‘ஏற்றத்திலும் முந்தும்போதும், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல், முக்கால்வாசி மிதித்தால் இழுவை போகிறது. முன் வலப்பக்கம் காற்று கசியும் சத்தம். பி0299 இரண்டு முறை. படங்கள் கொடுக்கப்பட்டன.’

அப்புறம் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பைபாஸுக்குப் போனோம். மூன்றாவது முறை மிதித்தபோது அவர் காதாலேயே கேட்டுவிட்டார். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் குழாய் மூட்டில் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு, பூட்டுக் கிளிப் பாதிதான் உட்கார்ந்திருந்தது. 40 நிமிட வேலை.

‘கோளாறு இல்லை’ என்று எழுதிய பழைய ஜாப் கார்டையும் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் பெரிய சண்டை வந்தால் அதுதான் ஆதாரம்.

கோளாறு மாதிரி தெரியும், ஆனால் இல்லை

முதல் சில நாள் என்ஜின் பக்கம் லேசாக எரிந்த வாடை வருவது, குழாய்களின் மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சு சூடேறுவதால். பிரேக் முதல் 200, 300 கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்புக்கு வராது. புது என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், எவ்வளவு வரை சரி என்பது மேனுவலில் இருக்கிறது. வண்டி கட்டை வண்டி மாதிரி குதித்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். கன்டெய்னரில் வரும்போது அதிகமாக அடித்த காற்றைச் சில இடங்களில் குறைக்காமலே டெலிவரி கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. அதைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரை நான் நம்புவதில்லை, சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 1: குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஐபோனில் அடாப்டர் இணையவே இல்லை என்று எழுதியிருந்தார். பழைய வகை புளூடூத் அடாப்டர் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் சரி. ஐபோனுக்கு பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்) அல்லது வைஃபை வகை வாங்குங்கள். அப்படியே இன்னொன்று: வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டி நின்றால் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

பின்சேர்க்கை 2: மூன்று, நான்கு முறை போயும் தீரவில்லை என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்குப் போகத் தேவையில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் மாநில ஆணையம், 2 கோடியைத் தாண்டினால் தேசிய ஆணையம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: வாணியம்பாடி டோல் அருகே நின்றுபோன ஒரு நண்பருக்கு வந்த சிக்கல். தாழ்வான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது, பிளாட்பெட் லாரிதான் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். லாரியும் வந்தது. பம்பரில் மாட்டும் இழுவைக் கொக்கியை வலப்பக்கமாகத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார், ஏறவே இல்லை. பல ஐரோப்பியக் கார்களில் அது இடது மரை. இடப்பக்கமாகத் திருக வேண்டும். டிக்கியில் டூல் பையில் கிடக்கும் அதை, வண்டி நன்றாக ஓடும்போதே, வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.