குளிர்கால கேம்பிங்: முதலில் ராத்திரி எத்தனை டிகிரி என்று பாருங்கள்

மெல்போர்னில் ஜூன் பிறந்து குளிர்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம்தான். வீட்டுக்காரருக்கு நாட்டின் நடுவில் இருக்கும் சிம்ப்சன் பாலைவனம் போக வேண்டும். எனக்குப் போர்வையை உதறிவிட்டுத் தூங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி என்றாலே சூடு என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரிதான். விடியற்காலையில் அது 4. சராசரியே 4 என்றால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் ராத்திரிகளும் அதில் அடக்கம். பகலில் டி-ஷர்ட்டோடு எடுத்த படங்களை அனுப்பிவைப்பார்கள். ராத்திரி இரண்டு ஸ்லீப்பிங் பேக்கை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் படுத்ததை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை.

அதனால் இடம் தேடும்போது நான் முதலில் பார்ப்பது ஜூலையின் குறைந்தபட்ச வெப்பநிலைச் சராசரியை. வானிலைத் துறையின் தளத்தில் ஊர் வாரியாக, மாத வாரியாக இருக்கிறது. வடக்கு, வடமேற்குப் பக்கத்து ஊர்களைச் சுமாராகச் சொன்னால் டார்வின் 19, குனுனுரா 15, புரூம் 14, எக்ஸ்மவுத் பக்கம் 11. பதினைந்தைத் தாண்டினால் மெல்லிய போர்வை போதும், கூடாரத்தின் மேல்துணியைக்கூடக் கழற்றி வைக்கலாம். பத்துக்குக் கீழே என்றால், அதற்கு மெல்போர்னிலேயே இருந்துவிடலாம்.

வடக்கே போகப் போகச் சூடு கூடும், இது எல்லாருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது உயரத்தை. 1000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருக்கும் கரிஜினி தேசியப் பூங்காவைப் பாருங்கள். மகர ரேகைக்கு வடக்கேதான் இருக்கிறது, ஆனால் மேட்டு நிலம். ஜூலை ராத்திரியில் நடுங்கவைக்கும். வெயிலே எட்டாத அந்தப் பள்ளத்தாக்குக் குட்டைகளில் இறங்கினால் மூச்சு நின்று திரும்பும். கடலை விட்டு உள்ளே போனாலும் இதே கதைதான், பகலுக்கும் ராத்திரிக்கும் இடையில் இருபது டிகிரி வரை வித்தியாசம் வரும்.

சரி, எங்கே போகலாம்? என் ஓட்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கிம்பர்லிக்குத்தான். டெர்பியிலிருந்து குனுனுரா பக்கம் வரை சுமார் 660 கிலோமீட்டர் ஓடும் கிப் ரிவர் ரோடு, மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டுபோகப் போட்ட சாலை. பெரும்பகுதி இன்னும் மண்சாலைதான். படுக்கப் போட்ட தகரக் கூரையின் மேல் ஓட்டுவதுபோல் வண்டி அதிரும். பகலில் முப்பது டிகிரி, வழியெங்கும் குளிக்க அருவி, பொட்டு மழை கிடையாது. வெட் சீசன் என்கிற மழைக்காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அது முடிந்து சாலையைத் திறந்த கையோடு, மே கடைசியிலோ ஜூனிலோ போனால் பெல் கார்ஜ், மானிங் கார்ஜ் அருவிகளில் தண்ணீர் கொட்டும், சாலையும் அவ்வளவு கெட்டிருக்காது. ஆகஸ்டில் போனால் ஆற்றைக் கடப்பது சுலபம், ஆனால் அருவி மெலிந்திருக்கும், சாலையின் அதிர்வில் பல் ஆடும். இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எப்போதும் அருவி பக்கம்.

குயின்ஸ்லாந்தின் வடமுனையான கேப் யார்க்கில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே ராத்திரி இன்னும் இதமாக இருக்கும், ஆனால் காற்றைக் கவனிக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். படத்தில் தென்னை மரங்களோடு மயக்கும் சில்லி பீச் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஜூலையில் அங்கே கூடாரம் அடித்தால் ராத்திரி முழுக்கத் துணி படபடக்கும், சோற்றில் மணல் இருக்கும். மேற்குக் கரையில், வெய்ப்பா பக்கம், அதே வாரத்தில் கடல் குளம்போல் கிடக்கும். ஓல்டு டெலிகிராஃப் டிராக் என்ற பழைய தந்தித் தடத்தில் கன்ஷாட் ஓடையின் செங்குத்துச் சரிவில் வண்டியை இறக்கினால்தான் கேப் யார்க் போன கணக்கு என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பைபாஸ் சாலை வழியாகவே போய், கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் அந்தத் தடத்தில் திரும்பினால் ஃப்ரூட் பேட் அருவி, எலியட் அருவி இரண்டையும் பார்க்கலாம். அதற்கு மேலே ஜார்டின் ஆற்றுக்கு ஃபெர்ரி இருக்கிறது.

வடக்கே நீர்நிலைகளில் இருக்கும் முதலை வேண்டாம், ஆனால் ஆளரவம் இல்லாத கடற்கரை வேண்டும் என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே. அங்கே ஃபிரான்சுவா பெரோன் பூங்காவில் சிவப்பு மண் நேராக நீலக் கடலில் போய் விழும். பழைய பண்ணைவீட்டைத் தாண்டினால் ஃபோர் வீல் டிரைவ் மட்டுமே போகும் மணல் தடம், டயரில் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தாக வேண்டும். பண்ணைவீட்டில் நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீருக்கு ஒரு தொட்டி இருக்கிறது, குளிருக்குப் பயப்படுகிறவர்களை அதைச் சொல்லியே சம்மதிக்க வைக்கலாம். பகலில் 22 டிகிரி அளவுதான், கடலில் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் காக்கடு தேசியப் பூங்கா பற்றி ஒரு வரி. அந்த மண்ணின் பினிஞ், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வுர்கெங், குளிர்ப் பருவம். ராத்திரி 17 டிகிரி, அதுதான் அவர்களுக்குக் குளிர்! மெல்போர்ன்காரர்கள் அதில் மின்விசிறி தேடுவோம். ஆனால் ஜிம் ஜிம் அருவிக்கான தடத்தை முதலைச் சோதனை முடித்து ரேஞ்சர்கள் திறக்க வேண்டும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இடத்தைக் குறித்துவிட்டீர்களா? இனி வரைபடத்தில் அதைச் சுற்றிக் கடைசி பெட்ரோல் பங்க் எங்கே என்று பாருங்கள். எவ்வளவு ஒதுக்கமான இடம் என்பதை நான் கிலோமீட்டரில் பார்ப்பதில்லை. அங்கே போய், சாலை மூடியிருந்து, வந்த வழியே திரும்ப டீசல் இருக்குமா? இருந்தால் சரி. நெடுஞ்சாலையில் 12 லிட்டரில் 100 கிலோமீட்டர் போகும் வண்டி மணலில் 20க்கு மேல் குடிக்கும், இதைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பி.எல்.பி. கருவி ஒன்று வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள், அது இலவசம். பதியாத கருவியை அழுத்தினால் ஆபத்தில் இருப்பது யார், எத்தனை பேர் என்று தேடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

வடக்கே கூடாரம் அடிக்கும் இடத்துக்கு ஒரு விதி உண்டு. தண்ணீர் ஓரத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, உச்சநீர் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே. தினமும் ஒரே இடத்தில் போய்ப் பாத்திரம் கழுவாதீர்கள், முதலை அதைக் கவனித்து வைத்துக்கொள்ளும். கிப் ரிவர் ரோட்டில் வரும் பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும்போது, மற்ற ஆறுகளில் செய்வதுபோல் இறங்கி நடந்து ஆழம் பார்க்கவே கூடாது. முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று கரையில் நின்று பாருங்கள்.

பூர்வகுடி நிலங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். தேசியப் பூங்கா முகாம்கள் பள்ளி விடுமுறைக்கு மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நார்தர்ன் டெரிட்டரி பக்கமிருந்து குனுனுராவுக்குள் நுழையும்போது எல்லைச் சோதனையில் தேன், பழம், பெரும்பாலான பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். முந்தின நாள் ராத்திரியே எல்லாவற்றையும் போட்டு ஒரு சாம்பார் வைத்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: பொழுது. ஜூனில் குனுனுராவில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வேலியில்லாத மாடும் கங்காருவும் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான். மூன்று மணிக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்றால் ஒரு நாளில் மண்சாலையில் 200 கிலோமீட்டர்தான் முடியும். மெல்போர்னிலிருந்து குனுனுராவுக்குச் சுமார் 4000 கிலோமீட்டர். இரண்டு வாரம்தான் லீவு என்றால் ஓட்டிப் போவதை மறந்துவிடுங்கள். டார்வினுக்கோ புரூமுக்கோ விமானத்தில் போய், அங்கே வண்டியை வாடகைக்கு எடுங்கள். ஆனால் ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருப்பதாலேயே மண்சாலைக்குப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சாலைக்கு அனுமதி, ஆற்றில் இறங்கினால் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.